சனிக்கிழமைக் குளிர்

டபியோலா, மிச்சிகன்
10 நவம்பர் 1996

அர்வோ அண்ணனுக்கு,

நீ தொலைபேசியில் அழைத்தாய். நான்தான் எடுக்கவில்லை. வக்கீல் அலுவலகத்தில் நீ போட்ட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. தாளில் யாராலும் சத்தம் போட முடியாது. ஆகவே இனி கடிதம்தான்.

அன்றைக்குப் பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், பிறகு நீயோ நானோ மாற்றிப் பேச வேண்டாம். அப்பா கட்டிய இந்த வீட்டில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. போன பிப்ரவரியில் நிலவறைத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்ததைக் காட்டி, இங்கே இனி யாரும் குளிர்காலம் தள்ள முடியாது, கோடைக்கு வீடு தேடும் அந்த சிகாகோ தம்பதிக்கு விற்றுவிடலாம் என்கிறாய். நான் முடியாது என்றேன். நீ மேசையைத் தட்டி, "மார்ச் முடியுற வரைக்கும் அந்தக் குழாய் உறையாம இருந்துச்சுன்னா என் பாதியையும் நீயே வெச்சுக்கோ" என்றாய். ஒரு முறை உறைந்தாலும் விற்கக் கையெழுத்துப் போடுகிறேன் என்று நானும் சொன்னேன். வக்கீல் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

இப்போது விஷயம். குளிர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு நிலவறைச் சுவரோரம் நடந்தேன். துணி காயவைக்கும் டிரையருக்குப் பின்னால் போனதும் சுடர் படுத்துக்கொண்டது. டிரையரின் சூடான ஈரக்காற்றை வெளியே தள்ளும் குழாய் வடக்குச் சுவரைத் துளைத்துப் போகிறதல்லவா, அதன் வெளிவாயில் மூன்று பிளாஸ்டிக் பட்டைகள் வைத்த மூடி ஒன்று இருக்கிறது. டிரையர் ஓடினால் பட்டைகள் திறக்க வேண்டும், நின்றால் மூட வேண்டும். ஒரு பட்டையைக் காணோம். மற்ற இரண்டும் துணிப்பஞ்சு ஒட்டிப் பாதி திறந்தபடி நிற்கின்றன. அதற்கு நேர் கீழேதான் கிணற்றுத் தண்ணீர்க் குழாய் தரையைவிட்டு மேலே வருகிறது.

எந்த மாதிரி மூடி வாங்கினால் குளிர்காற்று உள்ளே வராது? முப்பது வருஷம் தகரமும் உலையும் பார்த்தவன் நீ. பக்கத்து வீட்டு வெர்னாவிடம் உனக்கு எழுதப் போகிறேன் என்றேன். "எதிர்க்கட்சிக்காரன்கிட்டயே போய் எனக்கு ஓட்டுப் போடுன்னு கேக்குற பாரு" என்றாள்.

கேட்டுவிட்டேன். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

ஹில்யா


லேக் வொர்த், ஃப்ளோரிடா
19 நவம்பர் 1996

ஹில்யாவுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் உன் கடிதத்தை மடித்து வைத்தேன். காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது என்னை அறியாமல் உறையின் பின்பக்கம் அந்த மூடியை வரைந்துகொண்டிருந்தேன். ஐரீன் எட்டிப் பார்த்தாள். "தோக்குறதுக்கு நீங்களே வழி சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அண்ணிக்கு எல்லாமே வேடிக்கை.

எந்த மூடியை வாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். நான் வீட்டை விற்க நினைப்பவன். ஆனால் ஒரு காற்றுவாய் பாதி திறந்தபடி நிற்கிறது என்று படித்த பிறகு சும்மா இருக்கவும் தெரியவில்லை. அதனால் என்னென்ன உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

நீ வைத்திருக்கும் பட்டை மூடி தெற்கே இருப்பவர்களுக்கானது. ஈரப் பஞ்சு ஒரு இழை ஒட்டினால் போதும், அப்புறம் மூடாது. இரண்டாவது, ஒரே தகடு தொங்கும் மூடி. சிலவற்றில் தகட்டைப் பிடித்து வைக்கச் சின்னக் காந்தம் இருக்கும். மூன்றாவது, கவிழ்த்த கிண்ணம் வைத்தது. குழாய் வெளியே போய் மேல்நோக்கித் திரும்பும், அதன் வாயில் கிண்ணம் உட்கார்ந்திருக்கும். காற்று தள்ளினால் எழும், நின்றால் தன் எடையில் கீழே வந்து உட்காரும். சொன்னேன், அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும் வாயில் கம்பிவலை வைக்காதே. பஞ்சு அடைத்துத் தீப்பிடிக்கும். உள்ளேயிருக்கும் மடிப்புக் குழாய் பிளாஸ்டிக் என்றால் இன்றைக்கே கழற்றிப் போட்டுவிட்டுத் தகரக் குழாய் போடு.

இன்னொன்று. மெழுகுவர்த்தியோடு நடந்தவள் சன்னல்களையும் பார்த்திருப்பாய். நிலவறைச் சன்னல் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டு. இடுக்குகளுக்குப் பசை போடு. அப்பா காலத்தில் கரி கொட்டிய அந்த இரும்புக் கதவு மேற்குச் சுவரில் இன்னும் இருக்கும், அதையும் சுற்றி அடை.

இங்கே இன்று எண்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். பக்கத்து வீட்டுக்காரர் குளிர்கிறது என்று சட்டை மாட்டியிருக்கிறார்.

அர்வோ


டபியோலா
9 டிசம்பர் 1996

அண்ணா,

காந்தம் வைத்த ஒற்றைத் தகட்டை வாங்கினேன். கடையில் அதுதான் இருந்தது. கடைக்காரர் கார்டன், இதை மாட்டினால் வெளியேயிருந்து ஒரு கொசுகூட உள்ளே வராது என்றார். டிசம்பரில் கொசுவுக்கு நான் பயப்படவில்லை என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன்.

சன்னல்களுக்குத் தாள் ஒட்டியாயிற்று. இடுக்குக்கு இடுக்கு பசை போட்டாயிற்று. கரிக் கதவைச் சுற்றிக் கயிறு அடைத்து அதன்மேலும் பசை பூசினேன். நிலவறை இப்போது ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கிறது.

முதல் நாட்கள் நன்றாகப் போயின. அப்புறம் வடக்கிலிருந்து காற்று திரும்பியது. தகடு டக், டக் என்று ராத்திரியெல்லாம் அடித்துக்கொண்டது. தூங்க முடியாமல், வேறு வழி தெரியாமல் உல்ஃப்பின் பழைய கம்பளி சாக்ஸ் ஒன்றை டிரையர் பக்கமிருந்து குழாய்க்குள் திணித்தேன். சத்தம் அடங்கியது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் வீட்டுக்கு உபயோகமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மறந்துவிட்டேன். துண்டுகளைப் போட்டு டிரையரை ஓட விட்டேன். துண்டுகள் சுட்டன, காயவில்லை. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் சாக்ஸ் ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டேன். ராத்திரியில் இன்னமும் திணிக்கிறேன். இப்போது டிரையரின் கதவில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதையும் சொல்ல வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை நிலவறைக்குப் போனபோது சாக்ஸ் கீழே கிடந்தது. வெளியே தகட்டின் விளிம்பில் ஈரம் உறைந்து, கட்டைவிரல் தடிமன் பனிக்கட்டி அதைத் திறந்தபடி பிடித்திருந்தது. தண்ணீர்க் குழாய்மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. குழாயைத் திறந்தேன். கொஞ்சம் இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தேன்.

உறைந்ததாக இதை எடுத்துக்கொள்வாயா? நான் மறைக்கவில்லை. மறைத்து ஜெயித்த வீட்டில் எனக்குத் தூக்கம் வராது.

ஹில்யா


(அஞ்சலட்டை. ஒரு பக்கம் தென்னை மரமும் கடலும்.)

லேக் வொர்த்
14 டிசம்பர் 1996

சாக்ஸை எடு. இனிமேல் எந்தத் துணியையும் அதில் திணிக்காதே. கடிதம் பின்னால் வருகிறது.

அ.


லேக் வொர்த்
16 டிசம்பர் 1996

ஹில்யாவுக்கு,

அட்டை கிடைத்திருக்கும். சாக்ஸால் எரிந்த வீடு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். நான் விற்க நினைப்பது நிற்கிற வீட்டை.

குழாய் இருமியதை உறைந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. உறைந்தது என்றால் தண்ணீர் நிற்க வேண்டும். நீ எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப்போவதில்லை.

காந்தத் தகடு நம் ஊருக்கு ஆகாது. டிரையர் விடும் ஈரம் முழுவதும் அதன் விளிம்பில்தான் படியும், அங்கேதான் உறையும். கார்டனுக்கு வியாபாரம் தெரியும், குளிர் தெரியாது. கவிழ்த்த கிண்ணம்தான் வேண்டும். சொல்ல மாட்டேன் என்றேன், சொல்லிவிட்டேன். ஐரீன் இதைப் படிக்கவில்லை.

ஹான்காக்கில் என் பழைய பட்டறைக்குப் போ. பின்னறை அலமாரியில் தடித்த தகரத்தில் செய்தது கிடைக்கும். என் பெயரைச் சொல்லாதே. சுவரில் மாட்டும்போது பனிக்குவியல் எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்த்து அதற்கும் மேலே மாட்டு. குழாயை நீட்டாதே, வளைக்காதே. வெளிப்பக்கம் சற்றே சரிவாக இருக்கட்டும், ஈரம் திரும்பி உள்ளே ஓடக் கூடாது.

சிகாகோக்காரர்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டை இடித்துவிட்டு, கண்ணாடி வைத்துக் கட்டுவார்களாம். மார்ச் வரை பொறுங்கள் என்று எழுதினேன்.

அர்வோ


டபியோலா
5 ஜனவரி 1997

அண்ணா,

உன் பெயரைச் சொல்லவில்லை. பட்டறையில் இருந்த மனிதர் நான் கேட்டதைக் கேட்டுவிட்டு, "அர்வோ எப்பிடி இருக்கான்?" என்றார். எந்த அர்வோ என்றேன். "பனி ஏறுற உயரத்துக்கு மேல, வளைக்காம, வெளிய சரிச்சுன்னு இந்த ஜில்லாவுல வேற யாரும்மா சொல்லி அனுப்புவா? வீட்டை விக்கணும்னு நிக்கிறவன்னு கேள்விப்பட்டேனே" என்றார். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெர்னா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ள நானே மாட்டினேன். பழைய ஓட்டையைப் பலகையும் பஞ்சும் வைத்து அடைத்தேன். டிரையரை ஓட விட்டு வெளியே போய்ப் பார்த்தோம். கிண்ணம் எழுந்து நின்றது. நிறுத்தியதும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. உள்ளே வந்து மெழுகுவர்த்தியைக் காட்டினேன். சுடர் அசையவில்லை. வாரம் முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழே போன குளிர், குழாய்மேல் ஒரு துளி வெள்ளை இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நேற்று சனிக்கிழமை. வழக்கம்போல ஆவிக் குளியலுக்காக மத்தியானமே நிலவறைச் சாவ்னாவின் விறகடுப்பை மூட்டினேன். வெர்னாவும் எதிர்வீட்டு லாஹ்தி தம்பதியும் துண்டும் சாஸேஜும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அடுப்பின் மேலுள்ள கற்கள் சூடேறவில்லை. அடுப்பு புகைந்தது. மூன்றாவது கரண்டி தண்ணீரைக் கல்லில் ஊற்றியபோது ஆவி வரவில்லை, புகைதான் வந்தது. வெர்னா கண் சிவக்க வெளியே ஓடி வந்து, "எங்களைக் குளிப்பாட்டக் கூப்பிட்டியா, மீன் மாதிரி புகை போடக் கூப்பிட்டியா?" என்றாள். லாஹ்தி போய் நிலவறையின் வெளிக்கதவைத் திறந்து கட்டை வைத்து நிறுத்தினார். அந்த நிமிடமே அடுப்பு பிடித்துக்கொண்டது. கற்கள் பாடின. வெளிக் குளிர் மட்டும் தரையோடு தரையாக வெள்ளையாக உருண்டு உள்ளே வந்தது.

எல்லோரும் போன பிறகு கதவை மூடினேன். இன்று காலை குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. நின்றுவிடவில்லை. ஆனால் நூல்.

ஒன்று கவனித்தேன். டிசம்பரில் வெள்ளை பூத்தது ஞாயிறு காலை. போன பிப்ரவரியில் வெடித்ததும் ஞாயிறு காலை. எல்லாமே சாவ்னாவுக்கு மறுநாள். நாம் மூடியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குளிர் தானாக உள்ளே வரவில்லை என்று தோன்றுகிறது. யாரோ அதை இழுக்கிறார்கள்.

ஹில்யா


லேக் வொர்த்
11 ஜனவரி 1997

ஹில்யாவுக்கு,

உன் கடிதம் வந்ததும் தொலைபேசியில் அழைத்தேன். நீ எடுக்கவில்லை. வெர்னாவை அழைத்துச் செய்தி சொல்லச் சொன்னேன். சொன்னாளா?

இழுப்பது உன் அடுப்புதான். விறகு எரியக் காற்று வேண்டும். புகைபோக்கி வழியாக மேலே போகிற அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். சன்னலை அடை, கரிக் கதவை அடை என்று நான் சொன்னேன், நீ அடைத்தாய். மிச்சமிருந்த ஒரே ஓட்டை டிரையர் வாய். அதன் வழியாக இழுத்தது. இப்போது நல்ல மூடி போட்டாய். இந்தக் கிண்ணம் உள்ளிருந்து இழுக்க இழுக்க இறுக்கமாகத்தான் உட்காரும். அடுப்புக்கு மூச்சு முட்டிவிட்டது.

நீ குழாயைப் பற்றிக் கவலைப்படுகிறாய். நான் உன்னைப் பற்றிக் கவலைப்படுகிறேன். அடுத்த அறையில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலை இருக்கிறது. சாவ்னா அடுப்பு காற்றுக்குத் திண்டாடினால் அந்த உலையின் புகையை அதன் புகைபோக்கி வழியாகவே கீழே இழுக்கும். அந்தப் புகைக்கு வாடை கிடையாது. நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விடுவீர்கள்.

அந்த அடுப்பை இனி மூட்டாதே. ஏப்ரல் வரை சாவ்னா வேண்டாம். வீட்டுக்கு அடியில் சாவ்னா வைப்பது தப்பு என்று அன்றைக்கே சொன்னேன். அப்பா முற்றத்தில் தனியாகக் கட்டியதற்குக் காரணம் இருந்தது. அதன் கூரை விழுந்ததும் புதுக் கூரை போடாமல், அடுப்பைக் கொண்டுபோய் நிலவறையில் வைத்தீர்கள் நீயும் உல்ஃபும். அதனால்தான் நான் அதில் ஒரு நாளும் குளித்ததில்லை.

முடியாது என்றால் பந்தயத்தை இப்போதே விட்டுவிடுவோம். வீடு பாதி பாதியாகவே இருக்கட்டும். இப்படி ஜெயிப்பதற்கு நான் வரவில்லை.

அர்வோ


டபியோலா
21 ஜனவரி 1997

அண்ணா,

வெர்னா சொன்னாள். உன் கடிதம் வரும்வரை அடுப்பை மூட்டவில்லை. நீ பயந்தது நியாயம். வீடு ஏன் குளிரை இழுக்கிறது என்று நீ சொன்னதும் சரி. மருந்துதான் தப்பு.

ஏப்ரல் வரை சாவ்னா வேண்டாமாம். லாஹ்தியிடம் படித்துக் காட்டினேன். "ஃப்ளோரிடா போனா மனுசன் இப்பிடியா ஆயிடுவான்?" என்று கேட்டார். நீ பிறந்ததே அப்பாவின் சாவ்னாவில். அம்மா உன்னை அந்தப் பெஞ்சில்தான் பெற்றாள். சனிக்கிழமை குளிக்காமல் இந்த வீட்டைக் காப்பாற்றி நான் என்ன செய்வது? சிகாகோக்காரர்களுக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

பந்தயத்தை விடவும் மாட்டேன். பாதி வீட்டில் எனக்குப் பழகிவிட்டது, முழு வீட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

நான் செய்தது இது. அடுப்புக்கு வேண்டியது காற்று. அது என் குழாயைக் கடந்துதான் வர வேண்டும் என்று அதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குழாய் வடக்குச் சுவரில். சாவ்னா மேற்கு மூலையில். கரிக் கதவு அடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில். நாம் அடைத்துவைத்தோமே, அந்தக் கதவேதான். பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கதவைக் கழற்றினேன். அந்த இடத்தில் தடித்த பலகை வைத்து அதில் வட்டமாக ஓட்டை போட்டோம். அதன் வழியே தகரக் குழாய் ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து, சாவ்னா சுவரில் நுழைத்து, அடுப்பின் சாம்பல் கதவுக்குக் கீழே கொண்டுபோய் விட்டேன். உள்ளே அதற்கு ஒரு தகர மூடி. அடுப்பை மூட்டும்போது திறப்பேன், கற்கள் ஆறியதும் மூடுவேன். வெளிக் குளிர் வந்தால் நேரே நெருப்புக்குள் போகட்டும்.

குழாயை வெட்டிக் கொடுத்தது உன் பட்டறை மனிதர். படத்தைப் பார்த்துவிட்டு, "இதை அர்வோ சொல்லலையே?" என்று கேட்டார். இல்லை, இது நான் என்றேன். "தெரியுது. அவனா இருந்தா சாவ்னாவையே நிறுத்தச் சொல்லியிருப்பான்" என்றார்.

போன சனிக்கிழமை மூட்டினோம். குளிக்க இல்லை, சோதிக்க. யாரையும் உள்ளே விடவில்லை. அடுப்பு உறுமியது. வெர்னா எண்ணெய் உலையின் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நின்றாள், நான் டிரையர் பக்கத்தில், லாஹ்தி அடுப்படியில். என் சுடர் நேராக நின்றது. வெர்னாவின் சுடர் உலைப் பக்கமாகச் சாய்ந்தது, அதாவது உலையின் புகைபோக்கி ஒழுங்காக மேலே இழுக்கிறது. லாஹ்தி வேண்டுமென்றே அந்தத் தகர மூடியைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் வெர்னாவின் சுடர் நிமிர்ந்து, தள்ளாடி, எங்கள் பக்கம் திரும்பியது. வெர்னா, "திற, திற, அந்த எழவைத் திற" என்றாள். திறந்ததும் மறுபடி சாய்ந்தது. நீ எழுதியதை மூன்று பேரும் கண்ணால் பார்த்துவிட்டோம். அந்த மூடியைத் திறக்காமல் யாரும் தீக்குச்சி கிழிக்க முடியாதபடி, தீப்பெட்டியை அந்த மூடியின் பின்னால்தான் இப்போது வைத்திருக்கிறேன்.

அது முடிந்ததும் குளித்தோம். கற்கள் அப்படிச் சூடேறி நான் பார்த்ததில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் முழு வீச்சில் வந்தது.

ஹில்யா


லேக் வொர்த்
28 ஜனவரி 1997

ஹில்யாவுக்கு,

மூன்று முறை படித்தேன். சில கேள்விகள்.

குழாயின் வெளிவாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? பனி மூடினால் அடுப்புக்கு மறுபடி மூச்சு முட்டும். வெளிவாயில் கம்பிவலை உண்டா? டிரையருக்கு வலை கூடாது என்றேன், இதற்கு வேண்டும், எலி வரும். அடுப்புக்குக் கீழே குழாய் முடியும் இடத்தில் கங்கு விழாமல் தகடு சாய்த்திருக்கிறாயா? தண்ணீர்க் குழாய்க்கும் இந்தக் குழாய்க்கும் நடுவே சுவர் இருக்கிறதா? அந்த வாடையில்லாத விஷப் புகை, கார்பன் மோனாக்சைடு, அதற்குக் கத்தும் மணி ஒன்று கடைகளில் வந்திருக்கிறது. உலைக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டு.

எல்லாவற்றுக்கும் பதில் எழுது. குறை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

ஐரீன் உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "முப்பது வருசம் பட்டறையில இருந்தது நீங்களா, அவங்களா?" என்று கேட்டாள்.

அர்வோ


டபியோலா
10 பிப்ரவரி 1997

அண்ணா,

வெளிவாய் பனிக்கு மேலே, என் தோள் உயரம். வலை உண்டு. தகடு உண்டு. நடுவே சாவ்னாவின் சுவர் உண்டு. மணி மாட்டியாயிற்று, இதுவரை வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் இங்கே அடித்த குளிரை ஃப்ளோரிடா தொலைக்காட்சியில் காட்டினார்களா தெரியாது. வெள்ளிக்கிழமை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. ஏரிப் பக்கமிருந்து காற்று. சனிக்கிழமை அதைவிட மோசம். காலையிலேயே வெர்னா போன் செய்து, இன்றைக்கு அடுப்பை மூட்டப் போகிறாயா, வேண்டாம், மார்ச் முடிய இன்னும் இரண்டு மாசம்கூட இல்லை, எதற்கு வம்பு என்றாள். அவள்கூட அப்படிச் சொன்னாள். உண்மையைச் சொல்கிறேன், தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்று ஒரு நாள் மூட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மிகக் குளிரான சனிக்கிழமையில் மூட்டப் பயப்படுகிற வீடு என்றால் அது நீ சொன்ன வீடுதான். மூட்டினேன்.

குளித்தோம். லாஹ்தி பனியில் புரண்டுவிட்டு வந்தார், அந்த வயதில். அவர்கள் போனதும் தகர மூடியைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை முதல் வேலையாக நிலவறைக்குப் போகவில்லை. காபிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன், வேண்டுமென்றே, ஒன்றும் இல்லாதவள் மாதிரி. குழாயைத் திருகினேன். கெட்டிலில் அடித்துத் தெறித்து என் முகம் நனைந்தது.

காபி இறங்குவதற்குள் கதவைத் தட்டும் சத்தம். லாஹ்தி, இரண்டு கையிலும் பால் கேன். "எங்க வீட்டுல நின்னுடுச்சு" என்றார். அவர் பின்னாலேயே வெர்னா, சூப்புப் பாத்திரத்தோடு. புது வீடு, புதுக் குழாய், அவளுக்கும் நின்றுவிட்டது. பிறகு சாலையின் கடைசி வீட்டுக்காரர்கள். பிறகு, கேட்டுக்கொள், கார்டன். கடைக்காரர். வண்டியில் தகர டிரம் வைத்துக்கொண்டு வந்தார். "உங்க வீட்டுலயா தண்ணி வருது? போன வருசம் வெடிச்ச வீடாச்சே இது" என்றார். கொசு வராத மூடியைக் கழற்றிவிட்டேன், அதிலிருந்து வருகிறது என்றேன்.

மத்தியானம்வரை வரிசை நகர்ந்தது. யாரையும் சும்மா அனுப்பவில்லை. ஏலக்காய் போட்ட ரொட்டி இரண்டு சுட்டிருந்தேன், நாலாவது ஆளோடு தீர்ந்தது, மறுபடி மாவு பிசைந்தேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் நிலவறைக்கு இறங்கிப் போய்க் கிண்ண மூடியையும் கரிக் கதவுக் குழாயையும் பார்த்தார்கள். வெர்னாதான் சுற்றிக் காட்டினாள். அவளே வெட்டி மாட்டியது மாதிரி பேசினாள். நான் தடுக்கவில்லை.

அப்பா வீடு இந்தச் சாலைக்கே தண்ணீர் கொடுத்தது, அண்ணா. உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நேற்றுக் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்ததைச் சொல்ல இல்லை. நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

மார்ச் இன்னும் பாக்கி இருக்கிறது. தெரியும்.

ஹில்யா


லேக் வொர்த்
1 ஏப்ரல் 1997

ஹில்யா,

மார்ச் முடிந்தது. நேற்று மாலை வெர்னாவை அழைத்துக் கேட்டேன். உன்னிடம் கேட்டால் நம்புவேன், ஆனால் அவள் சொன்னால் கூடுதலாக இரண்டு கதை கிடைக்கும். "இன்னும் ஓடுது, நீங்க வந்து அடைச்சாத்தான் நிக்கும்" என்றாள்.

இங்கே ஃபின்லாந்துக்காரர்களின் மன்றத்தில் உன் ஏற்பாட்டைச் சொன்னேன். எல்லோரும் சுரங்கத்திலும் காட்டிலும் மில்லிலும் வேலை செய்துவிட்டு வெயில் காய வந்த கிழவர்கள். ஒருவன் அது வேலை செய்யாது என்றான். காகிதக் கைத்துண்டில் வரைந்து காட்டினேன். இன்னொருவன் கரிக் கதவு எந்தப் பக்கம் என்றான். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் மினசோட்டாக்காரன் ஒருவன், இதை யோசித்தது நீயா என்று கேட்டான். என் தங்கை என்றேன். அவன் கைத்துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அவன் மகன் வீட்டில் இதே தொல்லையாம்.

ஜூனில் வருகிறோம், நானும் ஐரீனும். சனிக்கிழமை வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் எடுத்திருக்கிறேன். உன் நிலவறைச் சாவ்னாவில் எனக்கு இடம் உண்டா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள் ஐரீன். அவள் கேட்கச் சொன்னதாகவே வைத்துக்கொள்.

என் பாதிக்கான பத்திரத்தில் இன்று காலை கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். தபால் பெட்டியிலிருந்து திரும்பி நடக்கும்போது விசில் அடித்துக்கொண்டு வந்தேன் என்று ஐரீன் சொல்கிறாள்.

சிகாகோக்காரர்களுக்கும் எழுதிவிட்டேன். ஏன் விற்பதற்கில்லை என்று காரணம் கேட்டிருந்தார்கள். அங்கே ஆள் குடியிருக்கிறது என்று எழுதினேன்.

அர்வோ